பின்னால் நிற்கிறவன்

(கோவையில் இளைஞர்களுக்கான ஒருநாள் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



விளையாட்டும் சாதியும் என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். கிரிக்கெட்டைப் பற்றிப் பேசுவேன் என்று நினைத்து வந்தவர்கள் மன்னித்துவிடுங்கள். நான் ஒரு கால்பந்து டிஃபெண்டரைப் பற்றிப் பேசப் போகிறேன். பெயர் வி.பி. சத்யன். தெரிந்தவர்கள் கை தூக்குங்கள். மூன்று கை. அதில் இரண்டு பேர் பாலக்காட்டுத் தோழர்கள், அவர்களைக் கணக்கில் சேர்க்க முடியாது.

அவரிடம் போவதற்கு முன் என் சொந்தக் கதை கொஞ்சம். நான் பொள்ளாச்சிப் பக்கம் படித்தவன். எங்கள் பள்ளி அணியில் காலனிப் பையன்கள் நான்கு பேர். நான்கு பேரும் பேக். யாரும் எங்களைக் கேட்டு நிறுத்தவில்லை. "நீங்க பின்னால நில்லுங்கடா, நல்லா மோதுவீங்க" என்று சொன்னார்கள், நின்றோம். ஃபார்வர்ட் எல்லாம் ஊர்ப் பையன்கள். கோல் கம்பத்துக்குப் பின்னால் கம்பிவேலி, அதற்கப்பால் தென்னந்தோப்பு. பந்து தோப்புக்குள் விழுந்தால் பக்கத்தில் நிற்பது நாங்கள்தான். ஆனால் நாங்கள் வேலி தாண்டக் கூடாது. முன்வரிசையில் நிற்கும் ஊர்ப் பையன் அந்தக் கோடியிலிருந்து நடந்து வந்து எடுத்துக் கொடுக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்போம். அப்போது அது எங்களுக்கு விளையாட்டு விதி மாதிரியே தோன்றியது. ஆஃப்சைடு போல ஒன்று.

எங்கள் பெரியப்பா கோவையில் மில் தொழிலாளி. நான் பேக் ஆடுகிறேன் என்று சலித்துக்கொண்டபோது அவர்தான் சத்யன் பெயரைச் சொன்னார். 1992இல் சந்தோஷ் கோப்பை இறுதி ஆட்டம் இதே கோவையில் நடந்தது. கேரளம், கோவா. ஷிப்ட் முடித்துவிட்டு சைக்கிளில் போய்ப் பார்த்திருக்கிறார். மூன்றுக்குச் சுழியம் என்று கேரளம் வென்றது. 1973க்குப் பிறகு அவர்களுக்குக் கிடைத்த முதல் கோப்பை. முந்தைய ஆண்டு பாலக்காட்டில், சொந்த ஊர்க் கூட்டத்தின் முன்னால் இறுதிவரை வந்து மகாராஷ்டிரத்திடம் தோற்றிருந்தார்கள். கோல் போட்டது யார் என்று பெரியப்பாவுக்கு நினைவில்லை. "அந்தப் பின்னால நின்ன கேப்டன் இருக்கான் பாரு, அவன் கத்திக்கிட்டே இருந்தான், மொத்த டீமும் அவன் சொன்ன எடத்துல நின்னுது" என்பார்.

அந்தக் கேப்டன்தான் சத்யன். 1965இல் கண்ணூர் மாவட்டத்தில் பிறந்தவர். 1990, 1991 இரண்டு ஆண்டும் ஃபெடரேஷன் கோப்பையை வென்ற கேரள போலீஸ் அணியின் தூண். இந்திய அணிக்கும் கேப்டன். 1995இல் சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா தங்கம் வென்றது அவர் தலைமையில்தான். உடைந்த காலைத் தேற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப ஆட வந்தவர். அவர் என்ன சாதி என்று தேடிப் பார்க்காதீர்கள். 2016இல் சிந்து ஒலிம்பிக் வெள்ளி வாங்கிய அன்று நம் நாடு கூகுளில் அதைத்தான் தேடியது. அந்தக் கேவலம் ஒருமுறை போதும்.

நான் கேட்பது வேறு. ஒரு பேக் ஆட்டக்காரர் எதைச் சாப்பிட்டு ஆடினார்? போலீஸ் வேலை. பிறகு சென்னையில் இந்தியன் வங்கி வேலை. அந்த வங்கி அணிக்கு ஆடினார், பின்னர் பயிற்சியும் கொடுத்தார். அவரோடு கேரள போலீஸில் ஆடிய ஐ.எம். விஜயன் சிறுவயதில் திருச்சூர் மைதானத்தில் சோடா விற்றவர். அவரையும் பதினேழு, பதினெட்டு வயதில் தூக்கி நிறுத்தியது அந்த வேலைதான். இந்தியன் வங்கி, 1969இல் தேசியமயமாக்கப்பட்ட 14 வங்கிகளில் ஒன்று. பொதுத்துறை என்றால் அங்கே இடஒதுக்கீடு உண்டு, விளையாட்டு வீரருக்கு இடம் உண்டு, ஆட்டம் முடிந்த பிறகு சம்பளமும் பென்ஷனும் உண்டு. மைதானத்தில் நம் பிள்ளைகள் நின்ற தரை இதுதான். பொதுத்துறையை விற்கிறார்கள் என்றால் பொருளாதாரச் செய்தி என்று நாம் தாண்டிப் போய்விடுகிறோம்.

வேலை இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. 2006 ஜூலை 18, சென்னை பல்லாவரத்தில் சத்யன் தற்கொலை செய்துகொண்டார். வயது 41. மன அழுத்தத்தில் இருந்தார் என்பது எல்லோரும் அறிந்தது. அதற்குமேல் ஒற்றைக் காரணம் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் ஆடி முடித்த கால்களை நாடு எப்படி மறக்கும் என்பதைப் பெரியப்பா அந்த வாரம் பேப்பரில் தேடித் தேடிப் பார்த்தார். பன்னிரண்டு ஆண்டு கழித்து மலையாளத்தில் 'கேப்டன்' என்று படம் வந்த பிறகுதான் நம்மில் பலருக்கு முகமே தெரிந்தது.

கோவைக்கு இன்னொரு கோப்பையும் வந்தது. 2019 மார்ச் 9, நேரு ஸ்டேடியம். சென்னை சிட்டி எஃப்.சி. என்று பெயர், ஆடியது இங்கே. நான் கேலரியில் இருந்தேன். மினர்வா பஞ்சாப் மூன்றாவது நிமிடத்திலேயே கோல் போட்டுவிட்டது. அங்கே கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் வென்றால், இங்கே தோற்பவர்களுக்குப் பட்டம் கிடையாது. மான்சி பெனால்டியில் சமன் செய்தார். பிறகு இரண்டு கோல். இரண்டையும் போட்டது கௌரவ் போரா, அசாமிலிருந்து வந்த டிஃபெண்டர். ஈஸ்ட் பெங்காலும் வென்றது. ஒரே ஒரு புள்ளியில் ஐ-லீக் பட்டம் நமக்கு.

பின்னாலிருந்து வந்து இரண்டு கோல் என்றதும் எனக்கு லிலியன் துராம் ஞாபகம் வந்தார். பிரான்ஸுக்காக 142 ஆட்டம் ஆடிய டிஃபெண்டர். மொத்தமே இரண்டு கோல், இரண்டும் 1998 உலகக் கோப்பை அரையிறுதியில், குரோஷியாவுக்கு எதிராக. குவாதலூப் தீவிலிருந்து ஒன்பது வயதில் பாரிஸ் பக்கம் வந்தவரைப் பள்ளியில் ஒரு கார்ட்டூன் மாட்டின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். 2008இல் ஆட்டத்தை நிறுத்தியதும் நிறவெறிக்கு எதிரான கல்விக்கென ஓர் அறக்கட்டளை தொடங்கி, பள்ளி பள்ளியாகப் போனார். நிறவெறி பிறவியில் வருவதல்ல, சொல்லிக்கொடுத்து வருவது என்று இன்றும் பேசிக்கொண்டிருக்கிறார். தோப்பு வேலியை நான் விதி என்று நம்பியதும் அப்படித்தானே.

கோவை அணி என்ன ஆனது? 2020-21 பருவத்துக்குப் பிறகு ஐ-லீக்கில் அது இல்லை. ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு அணிக்குப் போனார்கள். போரா ஒடிசாவுக்கு. தனியார் அணி வரும், போகும். வந்தபோது கைதட்டியவன்தான் நானும். அங்கே இடஒதுக்கீடும் கிடையாது, முட்டி போனவனுக்கு நாற்காலியும் கிடையாது. தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் இருக்கிறது, நல்லது. ஆனால் அந்தச் சான்றிதழை வாங்குமுன் பையன் முதலில் ஒரு மைதானத்தில் கால் வைக்க வேண்டுமே.

அதற்காகத்தான் இதையெல்லாம் பேசினேன். எங்கள் ஊரில் அதே தோப்பை ஒட்டிக் களம் புறம்போக்கு இருக்கிறது. இரண்டு ஏக்கர் என்று பதிவேடு சொல்கிறது. நான் ஆடிய காலத்துக்கும் இப்போதைக்கும் நடுவில் வேலி உள்ளே நகர்ந்து, தென்னை இரண்டு வரிசை கூடியிருக்கிறது. காலனிப் பிள்ளைகள் மிச்சத்தில் ஆடுகிறார்கள், குறுக்குவாட்டில், ஏழு பேருக்கு ஏழு பேர். நிலத்தை அளந்து, ஊர் காலனி இரண்டுக்கும் பொதுவான மைதானமாக அறிவிக்க வேண்டும் என்று மனு எழுதியிருக்கிறோம். வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கிறோம். ஊர்ப் பையன்கள் ஆறு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அதில் ஒருவன், அந்தக் காலத்தில் எங்களுக்குப் பந்து எடுத்துக் கொடுத்தவனின் மகன். ஒன்பதரைக்கெல்லாம் வாசலில் இருங்கள், டோக்கன் வரிசை நீளமாக இருக்கும்.