அவுட் ஆனவர் எங்கே உட்காரணும்?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியா கொஞ்சம் சுருக்கி, திருத்தியிருக்கோம்.)

இன்னைக்கு ஒரு சின்ன விஷயம். ஃப்ரெண்ட் வீட்டுல சீட்டு விளையாடுறீங்க. ரம்மியோ போக்கரோ, எதுவா வேணா இருக்கட்டும். முதல் ஆளா நீங்க அவுட். மணி பத்தரை. வெளிய மழை, பைக் எடுக்க முடியாது. மத்தவங்க ஆட்டம் முடிய இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆகும். இப்போ நீங்க எங்க உட்காரணும்? எதைப் பார்க்கணும்? எதைப் பத்திப் பேசக் கூடாது?

சிரிக்காதீங்க. இதுல நான் ஒருத்தரோட காசைக் காலி பண்ணியிருக்கேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசல. என் மூஞ்சியாலேயே காலி பண்ணேன்.

எங்க அம்மா ஊர் மரக்காணம். சென்னையிலிருந்து ஈசிஆர்ல பாண்டிச்சேரி போனவங்களுக்குத் தெரியும். ரோட்டோரம் திடீர்னு கண்ணாடி மாதிரி பாத்தி பாத்தியா தண்ணி நிக்கும், நடுவுல வெள்ளை வெள்ளையா குவியல் இருக்கும். வண்டியை நிறுத்தி போட்டோ எடுப்போம். அதுதான் உப்பளம். வெயில் அடிச்சாதான் அங்க வேலை. ஜனவரி, பிப்ரவரி வாக்குல பாத்தியைச் சரி பண்ண ஆரம்பிச்சா, அக்டோபர்ல வடகிழக்குப் பருவமழை இறங்குற வரைக்கும் உப்பு வாரலாம். மழை வந்துட்டா அவ்வளவுதான். குவியலுக்கு மேல ஓலையோ தார்ப்பாயோ போட்டு மூடிட்டு வீட்டுக்கு வந்துடணும். அடுத்த மூணு மாசம் உப்பளத்துல கூலி கிடையாது.

அந்த மூணு மாசம்தான் எங்க மாமா வீட்டுத் திண்ணையில சீட்டு ஓடுற சீசன்.

ஆட்டம் பேரு 'நூத்தியொண்ணு'. தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்றேன். ஆளுக்கு 13 சீட்டு. ஜெயிக்கிறவருக்குப் பூஜ்யம். தோக்குறவங்களுக்குக் கையில சேராம நிக்கிற சீட்டோட மதிப்பு பாயின்ட்டா ஏறும். சீட்டு மோசமா வந்தா ஆரம்பத்துலயே ஸ்கூட் விடலாம், 20 பாயின்ட். பாதி ஆட்டத்துல விட்டா 40. மாட்டிக்கிட்டா அதிகபட்சம் 80. இப்படி ஏறி ஏறி 101 தொட்டவர் அவுட். கடைசியா மிஞ்சுற ஒருத்தருக்கு மொத்தக் காசும். போக்கர் டோர்னமென்ட் மாதிரிதான். ஒவ்வொருத்தரா கழண்டுக்கிட்டே வருவாங்க.

அதனால நூத்தியொண்ணுல ராத்திரி முழுக்க 'அவுட் ஆனவங்க'ன்னு ஒரு கூட்டம் வளர்ந்துக்கிட்டே இருக்கும். பத்து மணிக்கு ஒருத்தர், பதினொண்ணுக்கு மூணு பேர். கடைசியில ரெண்டு பேர் ஆடுவாங்க, நாலு பேர் சும்மா உட்கார்ந்திருப்போம். சிக்கலே அந்த நாலு பேராலதான்.

2024 நவம்பர் நடுவுல ஒரு ராத்திரி. ஆறு பேர், ஆளுக்கு 200 ரூபாய், மொத்தம் 1,200. நான் சென்னையில ஐடி வேலை. எனக்கு 200 ரூபாய் ஒரு பிரியாணி. ஆனா எங்க கூட ஆடுன பக்கத்து வீட்டு அண்ணன் உப்பளத்துல வேலை பார்க்குறவர். அவருக்கு அது மழைக்கால 200 ரூபாய். இந்த வித்தியாசம் அன்னைக்கு எனக்கு உறைக்கல.

நான் முதல்ல அவுட். நேரா போய் அந்த அண்ணனுக்குப் பின்னாடி சுவர்ல சாஞ்சு உட்கார்ந்தேன், அவர் கை முழுசா தெரியுற மாதிரி. அவரும் ஒண்ணும் சொல்லல. ஊர்ல இருந்து வந்த பையன், எப்படிச் சொல்லுவார்?

கடைசியில மாமாவும் அண்ணனும் மட்டும். மாமா 62. அண்ணன் 88. 88-ல இருக்கிறவர் ஸ்கூட் கூட விட முடியாது, விட்டா 108. ஆடியே ஆகணும். கை நல்லா வந்துச்சு. பத்து சீட்டு சேர்ந்தாச்சு. மிச்சம் ஆட்டின் 5, ஆட்டின் 6, ஒரு உதவாத இஸ்பேட் 4. ஆட்டின் 4 இல்லன்னா 7 வந்தா போதும், இஸ்பேடைக் கவுத்து ஆட்டத்தை முடிச்சிடலாம்.

மாமா ஒரு சீட்டு எடுத்தார். யோசிச்சார். கையிலிருந்து ஒரு சீட்டைப் பாதி உருவினார். அந்தச் சாய்வுல எனக்கு அது தெரிஞ்சிடுச்சு: ஆட்டின் 7.

நான் என்ன பண்ணேன்? ஒண்ணும் பண்ணல. சாஞ்சிருந்தவன் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மூச்சைப் பிடிச்சேன். அவ்வளவுதான்.

மாமா தலையைத் தூக்கி அண்ணனைப் பார்க்கல, என்னைப் பார்த்தார். உருவுன சீட்டை மெதுவா உள்ள சொருகிட்டு வேற ஒண்ணைப் போட்டார். ரெண்டு சுத்து கழிச்சு மாமா டிக். அண்ணன் கையில 5, 6, 4, மொத்தம் 15. 88-ம் 15-ம் 103. அவுட்.

அண்ணன் சீட்டைக் கீழ வெச்சார். திரும்பி என்னை ஒரு தடவை பார்த்தார். "விடு தம்பி, டீ இருந்தா குடிப்போம்"னார். திட்டியிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும்.

அப்புறமா மாமா கிட்ட தனியா கேட்டேன், "தெரிஞ்சுதான் மாத்துனீங்களா?"ன்னு. "உன் மூஞ்சிதாண்டா எனக்கு ஜோக்கர். என் கண்ணு முன்னாடி இருக்கிறதை நான் பார்க்கத்தான் செய்வேன். உன்னை யாரு அங்க உட்காரச் சொன்னது?"ன்னார். யோசிச்சா அதுல தப்பே இல்ல. ஆடுறவரோட வேலை பார்க்குறது. பார்க்குற மாதிரி எதையும் காட்டாம இருக்க வேண்டியது என் வேலை.

இது மரக்காணத்துப் பிரச்சினை மட்டும் இல்ல. செஸ் போர்டு பக்கத்துல நின்னு 'அதை நகர்த்து, இதை நகர்த்து'ன்னு சொல்றவங்களுக்கு 'கிபிட்ஸர்'னே ஒரு பேர் இருக்கு, யூதர்களோட இத்திஷ் மொழியிலிருந்து வந்த வார்த்தை. போக்கர் டோர்னமென்ட்ல 'ஒரு கைக்கு ஒரே ஆள்'னு தெளிவா விதி இருக்கு. இன்னொருத்தர் கையில என்ன இருக்குன்னு சொல்லக் கூடாது, ஆட்டம் முடியிற வரைக்கும் யோசனை சொல்லக் கூடாது. அங்க அவுட் ஆனவங்க கயிறோ கம்பியோ கட்டுன எல்லைக்கு வெளிய போய் நிக்கணும். நம்ம வீட்டுல கயிறு கிடையாது. திண்ணைதான், பாய்தான். அதனால கயிறை நாமதான் மனசுல கட்டிக்கணும்.

அந்த ராத்திரிக்கு அப்புறம் நான் கடைப்பிடிக்கிற சில விஷயங்களைச் சொல்றேன்.

முதல்ல இடம். அவுட் ஆனா யாரோட முதுகுக்குப் பின்னாடியும் உட்காராதீங்க. எதிர்லயும் வேண்டாம். ஒருத்தர் கை மட்டும் பார்க்கணும்னு ஆசையா? கேளுங்க. அவர் சரின்னாலும் ஒருத்தர் கையைத்தான் பார்க்கணும். ரெண்டு பேர் கையைப் பார்த்தவரோட சிரிப்புக்கே விலை இருக்கு.

ரெண்டாவது, வாய். "நான் போட்ட சீட்டுதான் இது", "என்கிட்ட ரெண்டு ராஜா இருந்துச்சு" மாதிரிப் பேச்சு, அந்தச் சுத்து ஓடிக்கிட்டிருக்கும்போது கூடவே கூடாது. சுத்து முடிஞ்சதும் பேசுங்க. அப்பவும் தோத்தவர் கிட்ட "நீ அதைப் போட்டிருக்கக் கூடாது"ன்னு வகுப்பு எடுக்காதீங்க. அவருக்கே தெரியும்.

மூணாவது, வேலை. இது எங்க அத்தை போட்ட சட்டம். அன்னைக்கு டீ கொண்டு வந்தப்போ சொன்னாங்க, "ஆட்டம் முடிஞ்சவங்க கை சும்மாத்தானே இருக்கு, தம்ளரை எடுத்துட்டு வாங்க." இப்போ முதல் அவுட் ஆளுக்கு பாயின்ட் நோட்டு. ரெண்டாவது ஆள் சீட்டைக் கலைச்சுக் குடுக்கணும். மூணாவது ஆள் தம்ளர். கேட்க காமெடியா இருக்கும், ஆனா கையில வேலை இருந்தா கண்ணு அடுத்தவர் சீட்டுக்குப் போகாது. அதோட, தோத்தவருக்கு அந்த வீட்டுல இன்னும் ஒரு இடம் இருக்குன்னு ஆகுது.

நாலாவது, காசு. இது ரொம்ப முக்கியம். எங்க வீட்டுல திரும்ப உள்ள வர வழி உண்டு. ஆடுறவங்க யாருமே 79-ஐத் தாண்டலன்னா, அவுட் ஆனவர் இன்னொரு 200 போட்டுட்டு வரலாம், இருக்கிறதிலேயே அதிக பாயின்ட்டுக்கு ஒண்ணு கூட வெச்சு. அங்கதான் ஆபத்து. தோத்த சூட்டுல இருக்கிறவர் கிட்ட "நான் ஜிபே பண்றேன், நீ உட்காரு"ன்னு சொல்றது உதவி கிடையாது. தன் பாக்கெட்ல இருக்கிற காசுல வரணும், ஒரு தடவைதான் வரணும். கடன் குடுத்து உட்கார வைக்கக் கூடாது. திருக்குறள்ல சூதுக்குன்னே தனி அதிகாரம், 94-வது. பத்து குறள். வள்ளுவர் அதை சும்மா ஒதுக்கி வைக்கல.

"ப்ரோ, இதெல்லாம் சட்டப்படி சரியா?"ன்னு கமென்ட்ல கேட்பீங்க. நான் வக்கீல் இல்ல, பொதுவா தெரிஞ்சதைச் சொல்றேன். தமிழ்நாட்டுல 1930-ம் வருஷத்துச் சூதாட்டச் சட்டம், ஆட்டத்துக்கு இடம் குடுத்து அதுல லாபம் பார்க்குறவங்களைத்தான் முக்கியமா குறி வெக்குது. 1967-ல உச்ச நீதிமன்றம் ஆந்திராவைச் சேர்ந்த சத்தியநாராயணா வழக்குல, ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம்னு சொல்லுச்சு. ஆனா இடத்துக்காரர் ஆட்டத்திலிருந்து லாபம் எடுத்தா அது குற்றம் ஆகலாம்னும் சொல்லுச்சு. அதனால எங்க மாமா பந்தயக் காசுல டீக்குன்னு கூட கை வைக்க மாட்டார். டீத்தூள் வீட்டுது.

இப்போ இதை ஏன் இவ்வளவு சீரியஸா பேசுறேன்னு சொல்றேன்.

நான் போன்ல ரம்மி விளையாண்டிருக்கேன். ஒரு ஆப்ல, சில மாசம். அங்கயும் 101 உண்டு, அங்கயும் அவுட் ஆவோம். அவுட் ஆன அடுத்த நொடி 'மறுபடி சேரணுமா?'ன்னு ஒரு பட்டன். ராத்திரி ரெண்டு மணிக்கு, ரூம்ல தனியா, அந்தப் பட்டனை நான் எத்தனை தடவை அமுக்கினேன்னு யாருக்கும் தெரியாது. "போதும்டா, எழுந்திரு"ன்னு சொல்ல ஆள் இல்ல. தம்ளர் எடுக்கச் சொல்ல அத்தை இல்ல. தமிழ்நாடு 2022-ல ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் கொண்டு வந்துச்சு. 2023 நவம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம்னு சேர்த்த பகுதி மட்டும் செல்லாதுன்னுச்சு. 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றம், காசு வெச்சு ஆடுற ஆன்லைன் ஆட்டங்களையே தடை செஞ்சு சட்டம் போட்டுச்சு. நான் அதுக்கு முன்னாடியே நிறுத்திட்டேன். நிறுத்துறதுக்குள்ள எவ்வளவு போச்சுன்னு இங்க சொல்ல வெக்கமா இருக்கு.

திண்ணையில தோத்தா நாலு பேர் பார்க்குறாங்க. அவமானம்தான். ஆனா அந்த நாலு பேர் கண்ணுதான் 200 ரூபாயோட நம்மளை நிறுத்துது. அதனால அவுட் ஆனவர் உடனே கிளம்பிப் போயிடணும்னு நான் சொல்ல மாட்டேன். இருக்கட்டும். இருக்கிறதுதான் நல்லது. எப்படி இருக்கிறோம்ங்கிறதுதான் விஷயம்.

அண்ணன் கதைக்கு வர்றேன். மறுநாள் காலையில அவர் வீட்டுக்குப் போய் 1,200 ரூபாயை நீட்டினேன். வாங்கல. "சீட்டுல போனது சீட்டுல வரட்டும். நீ குடுத்தா அது வேற கணக்கு ஆயிடும்"னார். ரெண்டு வாரம் கழிச்சு, நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரி பக்கம் கரையைக் கடந்துச்சு. உப்பளம் முழுக்கத் தண்ணி. பாத்தி எது, வரப்பு எதுன்னே தெரியல. அந்த வருஷம் அவருக்கு வேலை எப்போ ஆரம்பிக்கும்னு யாருக்கும் சொல்லத் தெரியல. சென்னையில போன்ல நியூஸ் பார்த்துக்கிட்டே நான் நினைச்சது அந்த ஆட்டின் 7-ஐத்தான்.

அடுத்த மழைக்கு மறுபடி போனேன். அண்ணனும் வந்திருந்தார். நான் வழக்கம்போல முதல் அவுட். எழுந்து, நோட்டை எடுத்துக்கிட்டு வாசப்படியில போய் உட்கார்ந்தேன், எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கிட்டு. பாயின்ட் சொல்லச் சொல்ல எழுதினேன். மழையைப் பார்த்தேன்.

பின்னாடியிருந்து அண்ணன் குரல் கேட்டுச்சு: "தம்பி, இந்தப் பக்கம் திரும்பி உட்காரு, சாரல் அடிக்குது. மூஞ்சியை மட்டும் நோட்டுல வெச்சுக்க."

எல்லாரும் சிரிச்சாங்க. நான் திரும்பி உட்கார்ந்தேன்.

அன்னைக்கு ஜெயிச்சது யாருன்னு கேட்காதீங்க, அண்ணன் இல்ல. மாமாதான் மறுபடியும். நான் அவுட் ஆனதுலேருந்து ஒரு சீட்டு கூடப் பார்க்கல. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.