எப்படிச் செத்தார் என்று எழுதாத சான்றிதழ்



இறப்புச் சான்றிதழ் வாங்குவதைப் பற்றிப் பேசப் போகிறேன். இதில் என்ன அரசியல் என்று நீங்கள் கேட்கலாம். மலக்குழியிலும் பாதாளச் சாக்கடையிலும் இறந்தவர்களின் குடும்பங்களுக்குக் கிடைக்கும் இழப்பீடு பற்றியது என் முனைவர் பட்ட ஆய்வு. எந்த வீட்டுக்குப் போனாலும் கடைசியில் ஒரு பிளாஸ்டிக் பை வெளியே வரும். அதற்குள் காகிதங்கள். ஒரு அக்கா சான்றிதழை நீட்டிக் கேட்டார்: "செத்துட்டாருன்னு போட்டிருக்கு. எப்படிச் செத்தாருன்னு போடலையே தம்பி?"

சட்டமே அப்படித்தான். 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி, பதிவேட்டில் காரணம் இருந்தாலும் வெளியே தரும் நகலில் அதைக் காட்டக்கூடாது. நோயைச் சொல்லி ஒரு குடும்பத்தை ஊர் ஒதுக்காமல் இருக்க இது உதவும். ஆனால் நம் மக்களின் இந்தச் சாவுகளில் காரணம்தான் வழக்கே. 1993 முதல் இப்படி இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் தரச் சொன்னது உச்ச நீதிமன்றத்தின் 2014 தீர்ப்பு. 2023 அக்டோபரில் அந்தத் தொகை 30 லட்சமானது. குழிக்குள் இறங்கித்தான் இறந்தார் என்று காட்டினால்தான் அது கிடைக்கும்.

முதலில் பதிவு. இறந்த இடத்தில்தான் பதிய வேண்டும். விழுப்புரத்துக்காரர் சென்னையில் இறந்து, உடலை ஊருக்குக் கொண்டுபோய்ப் புதைத்திருந்தால், ஊர் விஏஓவிடம் சான்றிதழ் கிடைக்காது. 21 நாளுக்குள் பதிந்துவிடுங்கள். ஓராண்டு கடந்தால் கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும். ஆதாரில் உள்ள பெயர்தான் பதிவிலும் இருக்கிறதா என்று அன்றைக்கே பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் வாரிசுச் சான்றிதழ் கேட்கும்போது தாசில்தார் அலுவலகத்தில் இழுத்தடிப்பார்கள். பதிந்த பிறகு, தமிழ்நாட்டில் கியூஆர் குறியீட்டுடன் இணையத்திலேயே இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். இதற்கு யாருக்கும் காசு கொடுக்காதீர்கள்.

அடுத்தது, காரணத்தைச் சொல்லும் காகிதங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார் கொடுத்தவருக்குக் காவல் நிலையம் இலவசமாகத் தர வேண்டும். அதில் 'தவறி விழுந்தார்' என்று மட்டும் இருந்தால் விடாதீர்கள். யார் இறங்கச் சொன்னது, எந்தக் குழி என்பதையும் சேர்க்கச் சொல்லி எழுத்தில் மனு கொடுங்கள். 2013ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டத்தையும், இறந்தவர் பட்டியல் சாதியினர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் கேட்டு வாங்குங்கள். போஸ்ட்மார்ட்டம் அறிக்கைக்கும் எழுதிக் கொடுங்கள். மருத்துவமனையில் உயிர் பிரிந்திருந்தால், காரணச் சான்றின் நகலை நெருங்கிய உறவினருக்குத் தர வேண்டும் என்கிறது 2023 திருத்தம்.

இந்த நாட்களில்தான் ஒப்பந்ததாரர் பணத்தோடு வந்து கையெழுத்துக் கேட்கிறார். பிணவறை வாசலிலேயே கேட்டார்கள் என்று என்னிடம் சொன்ன குடும்பங்கள் உண்டு. அழுதுகொண்டிருப்பவரால் அந்த நேரத்தில் எதைப் படித்துப் பார்க்க முடியும்?

நம்மில் நிறையப் பேர் கல்லூரியில் படிக்கிறோம். மனு எழுதத் தெரியும், போனில் விண்ணப்பிக்கத் தெரியும். அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால் கண்டனப் பதிவு போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே இரண்டு பேர் அந்த வீட்டுக்குப் போய், 21 நாளும் அவர்களோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குங்கள்.