பிறப்பைச் சுடாத துப்பாக்கி



இந்த நினைவுரையில் ஒரு திரைப்படத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன். சோவியத் இயக்குநர் எலெம் கிளிமோவ் 1985இல் எடுத்த ‘வந்து பார்’. அவரோடு சேர்ந்து திரைக்கதை எழுதியவர் அலெஸ் அதமோவிச். பதின்வயதிலேயே பெலாரூசில் நாஜிகளுக்கு எதிரான கெரில்லாப் படையில் இருந்தவர். பின்னாளில், எரிக்கப்பட்ட கிராமங்களில் உயிர்தப்பியவர்களைத் தேடிப்போய் அவர்கள் சொன்னதைப் பதிவுசெய்தவர். படத்துக்கு அடியில் கிடப்பது அந்தச் சாட்சியம்.

1943. ஃபிளியோரா என்ற சிறுவன் மணலைத் தோண்டித் துப்பாக்கி ஒன்றை எடுக்கிறான். துப்பாக்கி இருந்தால் படையில் சேரலாம். அம்மா கெஞ்சுகிறாள்; அவனோ சிரித்துக்கொண்டு கிளம்புகிறான். வீடு திரும்பும்போது யாருமில்லை. சூப் இன்னும் ஆறவில்லை. ஊரார் தப்பியிருப்பார்கள் என்று நம்பி ஓடுகிறான். கூட ஓடும் கிளாஷா திரும்பிப் பார்க்கிறாள்: வீட்டுச் சுவரோரம் பிணக்குவியல். அவன் பார்க்கவில்லை. நாம் பார்த்துவிட்டோம்.

பிறகு இன்னொரு கிராமம். மக்களை ஒரு கொட்டகைக்குள் அடைக்கிறார்கள். பிள்ளைகளை விட்டுவிட்டு வருகிறவர்கள் வெளியே வரலாம் என்கிறார்கள். ஃபிளியோரா ஜன்னல் வழியே ஏறி வருகிறான். குழந்தையோடு வரும் ஒரு தாயிடமிருந்து அதைப் பிடுங்கி உள்ளே எறிகிறார்கள். பிறகு தீ. இந்த அரங்கில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1968 டிசம்பர் 25 இரவு, வெண்மணியில், ஒரே குடிசைக்குள் 44 பேர்.

ஏன் பிள்ளைகள்? பிடிபட்ட நாஜி அதிகாரி ஒருவன் காரணம் சொல்கிறான்: சில இனங்களுக்கு எதிர்காலம் கூடாது, எல்லாம் குழந்தைகளிடமிருந்துதான் தொடங்குகிறது என்று. யார் வாழலாம் என்பதைப் பிறப்பே முடிவு செய்யும் என்கிற அந்தத் தர்க்கம் நமக்கு அந்நியமானதா?

கடைசிக் காட்சியில் சேற்றுநீரில் ஹிட்லரின் படம் கிடக்கிறது. ஃபிளியோரா சுடுகிறான். படத்தில் அவன் சுடுவது அப்போதுதான். அதற்குள் அவன் முகம் கிழவன் முகமாகிவிட்டது. ஒவ்வொரு குண்டுக்கும் வரலாறு பின்னோக்கி ஓடுகிறது. கடைசியில் தாயின் மடியில் குழந்தை ஹிட்லர். துப்பாக்கி நின்றுவிடுகிறது.

இதை மன்னிப்பு என்று படிப்பவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. துப்பாக்கியோடு அவன் ஓடிப்போய்த் தன் படையில்தான் சேர்கிறான். ஆனால் ஒரு குழந்தையைப் பிறப்புக்காகச் சுட மறுக்கிறான். எதிரியின் தர்க்கத்தைத் தன் கைக்கு வர விடவில்லை. குற்றம் செயலில் இருக்கிறது, தண்டனையும் செயலுக்குத்தான்.

பெலாரூசில் 628 கிராமங்கள் மக்களோடு சேர்த்து எரிக்கப்பட்டன என்ற வாசகம் திரையில் வருகிறது. அந்தக் கணக்கைச் சொல்ல ஆட்கள் உயிர்பிழைத்தார்கள். கேட்டு எழுத ஒருவர் போனார். மாணவ நண்பர்களே, உங்கள் ஊரிலும் சொல்வதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. போய்க் கேளுங்கள், எழுதி வையுங்கள்.

ஜெய்பீம்.