அடிக்கட்டைகளும் மறுதுளிர்ப்பும்

மரம் சாய்ந்தவுடன் வெட்டும் பணி முடிந்துவிட்டது என்று கருதுவதே வழக்கமாக உள்ளது. விலை பேசி வாங்கியவர் தண்டை ஏற்றிச் செல்கிறார், கிளைகள் விறகாகின்றன, அடிக்கட்டை மட்டும் வீட்டு மனையிலேயே நின்றுவிடுகிறது. அடுத்த மழைக்குள் அக்கட்டையைச் சுற்றிப் பத்து, பதினைந்து துளிர்கள் எழும்புகின்றன. இரண்டு ஆண்டுகளில் ஒரு மரம் நின்ற இடத்தில் மூன்று, நான்கு மரங்கள் நிற்கின்றன. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய வட்டவடை, கோவிலூர், காந்தளூர், மறையூர் ஆகிய ஊர்களின் குடியானவர்களுக்கு இது நன்கு பழகிய தொல்லையாகும்.

இவ்வூர்களில் தொல்லை தருவது பெரும்பாலும் கிராண்டிஸ் என்று மக்கள் அழைக்கும் யூகலிப்டஸ் வகையே. தேயிலைத் தொழிற்சாலைகளின் விறகுத் தேவையும், காகித ஆலைகளின் கூழ்மரத் தேவையும் இம்மரத்தை மலைப்பகுதிகளில் பரப்பின. கோட்டயம் மாவட்டம் வெள்ளூரில் செய்தித்தாள் காகித ஆலை 1980களின் தொடக்கத்தில் இயங்கத் தொடங்கிய பின்னர், கூழ்மரத்துக்கு உறுதியான சந்தை ஒன்று கேரளத்துக்குள்ளேயே ஏற்பட்டது. ஆள்கூலி மிகுதியாகத் தேவைப்படாத பயிர் என்பதால், காய்கறியும் தானியமும் விளைந்த நிலங்களிலும், வீட்டை ஒட்டிய கொல்லைகளிலும் கூட மக்கள் இதனை நட்டனர். பின்னர் ஊற்றுகள் வற்றுவதைக் கண்டவர்களும், வெள்ளைப்பூண்டுச் சாகுபடிக்குத் திரும்ப விரும்பியவர்களும் மரங்களை அகற்ற முற்பட்டனர். காந்தளூர், வட்டவடைப் பூண்டுக்கு 2022ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. எனினும், மரத்தை வெட்டிய நிலம் உடனே பூண்டு நிலமாகிவிடவில்லை. அடிக்கட்டைகள் உயிரோடிருந்தன.

வெட்டிய கட்டை மீண்டும் துளிர்ப்பது ஏன்? கட்டையின் பட்டைக்கு அடியில் உறங்கும் மொட்டுகள் பல உள்ளன. மரம் நிற்கும் வரை உச்சியிலிருந்து இறங்கும் வளர்ச்சிப் பொருள்கள் அவற்றை எழவிடாமல் அடக்கிவைக்கின்றன. உச்சி போனதும் அவை விழித்துக்கொள்கின்றன. வேரில் சேமித்து வைக்கப்பட்ட மாவுச்சத்து அவற்றுக்கு உணவாகிறது. புதிதாக நட்ட கன்று வேர்விடுவதற்கே காலம் செலவிட வேண்டும். கட்டையில் எழும் துளிருக்கோ ஆழமான வேர்த்தொகுதி ஆயத்தமாக உள்ளது. ஆகவே அது கன்றைவிட விரைந்து வளர்கிறது, நிலத்தடி ஈரத்தையும் உடனடியாக இழுத்துக்கொள்கிறது. தோட்டம் நடத்துவோர் ஒரு முறை நட்டு, இரண்டு, மூன்று முறை அறுவடை செய்வது இக்குணத்தை நம்பியே. அவர்களுக்கு இலாபமாக இருப்பதுதான் வீட்டு மனையில் வைத்திருப்பவருக்குத் தொல்லையாகிறது.

இதிலிருந்தே தீர்வும் புலப்படும். மொட்டுகள் இருக்கும் பட்டையை நீக்க வேண்டும், அல்லது வேரின் சேமிப்பு தீரும்வரை துளிர்களை ஒடித்துக்கொண்டே இருக்க வேண்டும். முதல் முறையில், கட்டை தரைமட்டத்துக்கு அருகே தாழ்வாக வெட்டப்படுகிறது. அதைச் சுற்றியுள்ள மண்ணைத் தோண்டி, வேர் பிரியும் கழுத்துப் பகுதிவரை பட்டையை அரிவாளாலும் கடப்பாரையாலும் முழுவதுமாக உரித்தெடுக்க வேண்டும். வெட்டிய அன்றே, பட்டை ஈரமாக இருக்கும்போதே இதைச் செய்தால் பட்டை எளிதாகக் கழன்றுவரும். உலர்ந்துவிட்டால் வேலை இரட்டிப்பாகும். விரல் அகலப் பட்டை ஒட்டியிருந்தாலும் அங்கிருந்து துளிர் வரும். இரண்டாம் முறைக்குக் கருவி எதுவும் வேண்டா, பொறுமையே வேண்டும். துளிர் முழங்கால் உயரத்தைத் தாண்டும் முன் அடியோடு பிய்த்தெடுக்க வேண்டும். நுனியைக் கிள்ளினால் பயனில்லை. அரிவாளால் சீவினாலும் அடியில் எஞ்சிய மொட்டுகள் கிளைத்துவிடும். இலை பெருகி வேருக்கு உணவு அனுப்பும் முன்பே அதைப் பறித்துவிடுவதுதான் இதன் சூட்சுமம். மூன்று மாதம் கவனியாமல் விட்டால், அதுவரை செய்த உழைப்பு முழுவதும் வீணாகும்.

எல்லா மரங்களுக்கும் இது பொருந்தாது. வேம்பின் வேர் காயம்பட்டால், கட்டையிலிருந்து விலகிய இடத்திலும் வேரிலிருந்து கன்று எழும். சீமைக் கருவேலத்தின் மொட்டுகள் தரைக்குச் சற்றுக் கீழே, வேர்க்கழுத்தில் உள்ளன. ஆகவே தரையோடு வெட்டுவது அதனைக் கத்தரித்து வளர்ப்பதற்கு ஒப்பாகும். ஏறத்தாழ ஓர் அடி ஆழத்தில் வேரோடு வெட்டினால்தான் அது அடங்கும். 2017ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையை ஒட்டித் தமிழகத்தில் நடைபெற்ற கருவேல அகற்றும் பணிகளைக் கண்டவர்கள், எங்கே வேர் எடுக்கப்பட்டது, எங்கே எடுக்கப்படவில்லை என்பதை அடுத்த ஆண்டே சொல்லியிருக்கக்கூடும்.

சீகை என்று மலைமக்கள் கூறும் வாட்டில் மரத்தின் நிலை இன்னும் சிக்கலானது. பட்டையின் துவர்ப்புப் பொருளுக்காகக் கொண்டுவரப்பட்ட இம்மரம் கட்டையிலிருந்து துளிர்ப்பதோடு, மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடிருக்கக்கூடிய விதைகளையும் விட்டுச் செல்கிறது. தீயின் வெப்பம் பட்டால் கடினமான விதையுறை வெடித்து, அவை கூட்டமாக முளைக்கின்றன. ஆகவே கட்டையைத் தீயிட்டுக் கொளுத்துவது, ஒரு மரத்தை அழித்து நூறு கன்றுகளை அழைப்பதாகும். வட்டவடைக்கு அருகே, ஆனைமுடிச் சோலை தேசியப் பூங்காவின் பழத்தோட்டம் பகுதியில் 2019இல் தீ பரவியது. அதன்பின் மேற்கொள்ளப்பட்ட புல்வெளி மீட்புப் பணியில் முளைத்த வாட்டில் கன்றுகளைப் பிடுங்குவதும், நாட்டுப் புற்களை நடுவதும் சேர்ந்தே நடைபெற்றன. கொல்லையிலும் இதே ஒழுங்கு வேண்டும்: திறந்து கிடக்கும் மண்ணைப் புல்லோ பயறோ மூடினால் விதை முளைப்பது குறையும்.

உப்பு, மண்ணெண்ணெய், கழிவு எண்ணெய் ஆகியவற்றைக் கட்டையில் ஊற்றும் பழக்கம் பரவலாக உண்டு. கட்டை சாகிறதோ இல்லையோ, மண் கெடும். கிணறு அருகில் இருந்தால் நீரும் கெடும். களைக்கொல்லிகளைப் பொறுத்தவரை, கிளைபோசேட் விற்பனையையும் பயன்பாட்டையும் கேரள அரசு 2019 பிப்ரவரியில் தடை செய்தது. மத்திய அரசு 2022 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கை, பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள் வழியாக மட்டுமே அதனைப் பயன்படுத்தலாம் என்று வரையறுத்தது. கடைக்காரர் ஒரு குப்பியை நீட்டினால், வாங்குவதற்கு முன் வேளாண் அலுவலரைக் கேட்பதே முறை.

சமதரையில் உள்ள கட்டையை வேரோடு தோண்டி எடுப்பது நல்லது. குறிப்பாக வீட்டுச் சுவரை ஒட்டியதை விட்டுவைத்தால் கறையான் குடியேறும். ஆனால் இடுக்கியின் மனைகள் பலவும் சரிவில் வெட்டியெடுத்த படிகளாகும். அங்கே மண் அள்ளும் இயந்திரத்தைக் கொண்டுவந்து பெரிய கட்டைகளைப் பெயர்த்தால், வேர் பிடித்துநின்ற மண் தளர்ந்து, மழைநீர் அந்தக் குழியில் இறங்கும். 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் கனமழையின்போது ஏற்பட்ட நிலச்சரிவில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பல மாண்டதை அறிந்தவர்கள், சரிவில் குழி தோண்டுவதை எளிதாகக் கருதமாட்டார்கள். சரிவில் பட்டையை உரித்துக் கட்டையைக் கொல்வதே தக்கது. செத்த வேரும் சில ஆண்டுகளில் மக்கிப் பிடிப்பை இழக்கும். அதற்குள் வேறு நாட்டு மரங்களோ வெட்டிவேரோ அவ்விடத்தில் வேரூன்றியிருக்க வேண்டும். ஆகவே மாற்றுக் கன்றை நடுவதற்குக் கட்டை மக்கும்வரை காத்திருக்கலாகாது.

பாலக்காட்டின் கிழக்கே, சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து மனைகளில் காண்பது வேறு சிக்கல். தென்னைக்கும் பனைக்கும் வளர்முனை உச்சியில் ஒன்றே; தலை போனால் கட்டை துளிர்க்காது. அங்கே அஞ்ச வேண்டியது மறுதுளிர்ப்பை அன்று, மக்கும் கட்டையையே. காண்டாமிருக வண்டு அதில் முட்டையிட்டுப் பெருகி, பக்கத்துத் தென்னைகளின் குருத்தைக் குடைகிறது. தஞ்சாவூர் வாடல் எனப்படும் அடித்தண்டழுகல் நோயால் இறந்த மரமாயின், நோய்ப்பூசணம் கட்டையிலும் வேரிலும் தங்கி, அண்டை மரத்துக்கு மண்வழியே பரவும். அத்தகைய கட்டையைக் கிழங்கோடு தோண்டி எரித்துவிட வேண்டும்; சுற்றிலும் அகழி வெட்டி நோயுற்ற வேர்களை நல்ல வேர்களிலிருந்து பிரிக்க வேண்டும். மலையில் விலக்கப்படும் தீ, இங்கே வேண்டப்படுகிறது.

அலுவலர்கள் கருத வேண்டியது கூலி பற்றியது. மரம் வெட்டும் ஒப்பந்தம் தண்டின் எடைக்கு விலை பேசுகிறது. கட்டையைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. பட்டை உரிக்கும் செலவும், ஓராண்டுக்கு மேல் துளிர் பிய்க்கும் உழைப்பும் குடும்பத்தின் தலையில், பெரும்பாலும் பெண்களின் தலையில் விழுகின்றன. வெட்டிய அன்றே கட்டையை உரித்துத் தருவது வாங்குபவரின் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தாலே இச்சுமை பெரிதும் குறையும். பொதுப்பணத்தில் நடைபெறும் அகற்றும் பணிகளிலும், வெட்டிய மரங்களை எண்ணிக் கூலி முழுவதையும் கொடுத்துவிடுவது சிக்கனமாகாது. ஒரு பகுதியை நிறுத்திவைத்து, அடுத்த மழைக்காலம் முடிந்தபின் துளிர்க்காத கட்டைகளை எண்ணிக் கொடுப்பதே மேல். எண்ணுவதற்கு மீண்டும் மலையேற வேண்டியிருக்கும் என்பதுதான் இம்முறைக்குச் சொல்லப்படும் தடை. அது அவ்வளவு பெரிய தடையன்று.

மறையூர்ப் பகுதியில் மட்டும் கடப்பாரையை எடுப்பதற்கு முன் மற்றொன்றையும் பார்க்க வேண்டும். சந்தனம் அண்டை மரங்களின் வேரில் ஒட்டி, நீரையும் தாதுச்சத்தையும் உறிஞ்சி வாழும் மரம். அது பற்றியிருக்கும் மரத்தின் கட்டையைப் பெயர்த்தால் சந்தனமும் வாடக்கூடும். சந்தனத்தின் கட்டையோ வேரோ மனையில் இருந்தால், அதன் வைரப் பகுதியில் எண்ணெய் உள்ளமையால், தண்டுக்குள்ள சட்டக் கட்டுப்பாடு அதற்கும் உண்டு. நிலம் சொந்தமாயினும், வனத்துறையின் அனுமதியின்றி அதனைத் தோண்டுதல் கூடாது.