தங்கவயலின் தெருக்கள்



கோலார் தங்கவயலில் ஒரு காலத்தில் தெருவைச் சொன்னால் போதும், ஆளின் வேலை தெரிந்துவிடும். வெள்ளைக்கார அதிகாரிக்குத் தோட்டம் வைத்த பங்களா. சுரங்கத்தில் இறங்கிய தொழிலாளிக்கு லைன் வீடு. தொழிலாளிகளில் பலர் வட ஆற்காட்டிலிருந்து பிழைக்கப் போன தமிழர்கள். சாம்பியன் ரீஃப், மாரிகுப்பம் பக்கம் இன்றும் அந்த லைன்கள் இருக்கின்றன. வரிசையாக, ஒட்டி ஒட்டிக் கட்டிய சின்ன வீடுகள். கடைவீதி என்றால் ராபர்ட்சன்பேட்டை.

1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. பெங்களூரிலேயே அப்போது மின்சாரத் தெருவிளக்கு எரியவில்லை! ஆனால் அது வந்தது சுரங்க இயந்திரங்களுக்காக.

தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிய மண், சயனைடு மேடாக நிற்கிறது. காற்றடித்தால் அந்தத் தூசி லைன் வீடுகளுக்குள் வந்து விழும்.

2001-இல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். லைனில் இருப்பவர்கள் பலர் இப்போது விடியுமுன் ரயிலேறி, பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள்.