நடுவில் நிற்கும் ஆள்



1902ஆம் ஆண்டு. தென்னாற்காடு ஜில்லா வருவாய்த்துறையில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை திருவண்ணாமலைக்கு வருகிறார். மலைமேல் இருந்த இளம் ரமணரிடம் சில கேள்விகள் கேட்கிறார். ரமணர் அந்தக் காலத்தில் வாய் திறந்து பேசுவதில்லை. சைகை காட்டினார், எழுதியும் காட்டினார். பிள்ளை அவற்றை விளங்கிக்கொண்டு குறித்து வைத்ததுதான் பிற்பாடு 'நான் யார்?' என்ற சிறுநூல் ஆயிற்று. ஞானத்தை விடுங்கள். பேசாத ஒருவர் முன்னால் ஓர் அரசு ஊழியர் உட்கார்ந்து, அவர் சொல்வது புரிகிறவரை காத்திருந்தாரே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ரமணர் பேசாமல் இருந்தது அவர் விருப்பம். எழுதிக் காட்டினால் போதும், எதிரில் இருப்பவரும் தமிழ் படித்தவர். இதே ஊரில் இன்று பிறவியிலேயே காது கேளாத ஒருவர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமை, மக்கள் குறைதீர்க்கும் நாள். மனுவை எழுதித் தர வாசலிலேயே ஆள் கிடைப்பார். மனுவை வாங்கியவர் ஒரு கேள்வி கேட்கிறார். அங்கேதான் எல்லாம் நின்றுபோகிறது. "கூட யாராவது பேசத் தெரிஞ்சவங்களைக் கூட்டிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புவார்கள்.

எழுதிக் காட்டினால் ஆகாதா என்று நீங்கள் கேட்கலாம். நமக்குத் தமிழ் காது வழியாக வந்தது. தொட்டிலில் கிடக்கும்போதே வந்துவிட்டது, எழுத்து பிறகுதான். காது கேளாத குழந்தைக்கு, வீட்டில் யாருக்கும் சைகை மொழி தெரியாவிட்டால், பள்ளிக்கூடம் போகிறவரை எந்த மொழியுமே முழுசாகக் கிடைக்காமல் போகலாம். அதன் பிறகு, கேட்டே அறியாத ஒரு மொழியை எழுத்தாக மட்டும் படிக்க வேண்டும். அதனால் பலருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழிதான். இந்தியச் சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. அதில் முகமும் பேசும், புருவம் உயர்ந்தால் அதே வாக்கியம் கேள்வியாகிவிடும். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாமே என்கிறீர்களா? கண்ணாடி முன்னால் நின்று, சத்தம் வராமல் 'பணம்' என்று சொல்லிப் பாருங்கள், பிறகு 'மணம்' என்று சொல்லுங்கள். உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் அசையும்.

ஆகவே நடுவில் ஒருவர் வேண்டும். இப்போது அந்த இடத்தில் நிற்பது பெரும்பாலும் வீட்டு ஆட்கள். மருத்துவமனையில் அம்மாவுக்கு வந்திருக்கும் நோயை டாக்டர் சொல்ல, பத்து வயது மகள் கையால் பெயர்த்துச் சொல்கிறாள். அந்தப் பாரத்தை அவள் தலையில் ஏற்ற யாருக்கும் உரிமை இல்லை. மகளிர் காவல் நிலையத்தில், கணவன் அடிக்கிறான் என்று புகார் கொடுக்க வந்த பெண்ணுக்குச் சைகை பெயர்க்க மாமியாரையே கூப்பிட்டால் அந்தப் புகார் என்ன ஆகும்?

சட்டம் இதை யோசிக்காமல் இல்லை. 2013இல் குற்றவியல் சட்டங்களைத் திருத்தியபோது, வாய்மொழியாகச் சாட்சி சொல்ல இயலாதவரின் வாக்குமூலத்தை மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்புக் கல்வியாளர் உதவியோடு பதிய வேண்டும், வீடியோவும் எடுக்க வேண்டும் என்று சேர்த்தார்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்திலும் இப்படி ஏற்பாடு உண்டு. ஏட்டில் இருக்கிறது, ஆள்தான் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் செவித்திறன் குறைபாடு உள்ளவர்கள் ஏறத்தாழ 50 லட்சம் பேர். முறையாகப் படித்துத் தேறிய மொழிபெயர்ப்பாளர்களோ மிகச் சொற்பம்.

இந்தப் பற்றாக்குறையை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர்கள் காது கேளாதவர்களே. தேசியக் காது கேளாதோர் சங்கம் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, 2011இல் தீர்ப்பும் வாங்கியது. அதே ஆண்டு இந்தியச் சைகை மொழிக்கான ஆராய்ச்சி, பயிற்சி மையம் ஒன்று இக்னோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. 2013இல் மூடிவிட்டார்கள். 2015 ஏப்ரலில் அதை வேறொரு செவித்திறன் நிறுவனத்தின் கிளையோடு இணைக்க உத்தரவு வந்தது. காதுக்கு வைத்தியம் பார்க்கும் கண்ணோட்டம் வேறு, மொழியை வளர்க்கும் வேலை வேறு என்று காது கேளாதோர் எதிர்த்தார்கள், போராடினார்கள், அமைச்சர்களைச் சந்தித்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரிலேயே மத்திய அமைச்சரவை அந்த மையத்தைத் தனி அமைப்பாக ஏற்றுக்கொண்டது. அங்கே உருவான சைகை மொழி அகராதியில் 2021ஆம் ஆண்டுப் பதிப்பின்போது பத்தாயிரம் சொற்கள். கோஷம் போட முடியாதவர்கள் என்று நாம் நினைக்கிறவர்கள் நடத்திக் காட்டிய போராட்டம் இது.

தகுதி ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு சம்பவம். 2013 டிசம்பர் 10, ஜோகன்னஸ்பர்க்கில் நெல்சன் மண்டேலாவுக்கு நினைவஞ்சலி. உலகத் தலைவர்கள் பேசப் பேச, பக்கத்தில் ஒருவர் நின்று சைகை மொழிபெயர்ப்பு செய்துகொண்டிருந்தார். மேடையில் யாரும் அவரைத் தடுக்கவில்லை. தொலைக்காட்சியில் பார்த்த காது கேளாதவர்கள் உடனே கண்டுபிடித்துவிட்டார்கள், அந்த மனிதர் அர்த்தமே இல்லாமல் கையை ஆட்டுகிறார் என்று. காது கேட்கிற நமக்கு நல்ல மொழிபெயர்ப்பும் ஒன்றுதான், வெறும் கையசைப்பும் ஒன்றுதான். அதனால் யார் தகுதியானவர் என்று சொல்லும் இடத்தில் காது கேளாதவர்கள் இருந்தாக வேண்டும் என்பது என் கட்சி.

நம் நாட்டிலிருந்து நல்ல காட்சியும் உண்டு. 2023 செப்டம்பரில் சாரா சன்னி என்ற காது கேளாத வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்தில், மொழிபெயர்ப்பாளர் துணையோடு ஆஜரானார். அடுத்த மாதமே அவருக்கு நீதிமன்றமே ஒரு மொழிபெயர்ப்பாளரை அமர்த்தியது.

டெல்லிக்கு வந்தது திருவண்ணாமலைக்கு எப்போது வரும்? சைகை மொழிபெயர்ப்புக்கு இரண்டு ஆண்டு டிப்ளமோ படிப்பு இருக்கிறது. படித்து முடித்தவருக்கு மாவட்டத்தில் நிரந்தர வேலை இல்லாவிட்டால் அவர் சென்னைக்கோ பெங்களூருக்கோதான் போவார். "சேவைதானே, சும்மா வந்து செய்துகொடுங்கள்" என்று கூப்பிடுகிற பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. இது கடுமையான வேலை. ஒருவரே மணிக்கணக்கில் செய்தால் பிழை வரும் என்பதால் இரண்டு பேர் மாறி மாறிச் செய்வார்கள். கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்ற கட்டுப்பாடும் அவர்களுக்கு உண்டு.

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்துக்கு ஊர் கொள்ளாத கூட்டம் வரும். காணாமல் போன குழந்தையைப் பற்றிய அறிவிப்பும், எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதும் மைக்கில்தான் கேட்கும். 2024 டிசம்பர் 1ஆம் தேதி மழையில் மலைச்சரிவு மண் விழுந்து வ.உ.சி. நகரில் ஏழு பேர் இறந்த ஊர் இது. அடுத்த மழைக்கு ஒலிபெருக்கி கட்டிய வண்டி தெருவில் வந்தால், காது கேளாத குடும்பத்துக்கு அந்தச் செய்தி எப்படிப் போய்ச் சேரும்? கட்டுப்பாட்டு அறையில் வீடியோ அழைப்பில் கிடைக்கிற மாதிரி ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். ஆட்சியர் அலுவலகம், அரசு மருத்துவமனை, காவல் நிலையம் எல்லாவற்றுக்கும் அதே ஏற்பாட்டை நீட்டலாம்.

இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கிறவர்களில் கவுன்டருக்கு உள்பக்கம் உட்காருகிறவர்களும் இருப்பீர்கள். உங்களிடம் மொழிபெயர்ப்பாளரோடு ஒருவர் வந்தால், மொழிபெயர்ப்பாளரிடம் திரும்பி "இவருக்கு என்ன வேணுமாம்?" என்று கேட்காதீர்கள். மனு கொண்டுவந்தவரின் முகத்தைப் பார்த்து, "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேளுங்கள்.