வலி மாத்திரையும் நம் தாய்மாரும்

(ஆதரவாளர் கூடுகையில் சிற்றாலயப் போதகர் ஆற்றிய உரை)



குருசுக்குப்பத்தில் வீடுகளைச் சந்திக்கும்போது அடிக்கடி காண்பது இது. ஏழு மாதக் கர்ப்பிணியான சகோதரி, இடுப்புவலிக்கு மருந்துக்கடையில் காம்பிஃப்ளாம் வாங்கித் தயங்காமல் விழுங்குகிறார். அடுத்த வீட்டில் சிசேரியன் ஆன சகோதரியோ, பாலில் மருந்து இறங்கிவிடும் என்று பயந்து வலியைப் பொறுத்துக் கிடக்கிறார். பயம் இடம் மாறிப்போயிற்று.

காம்பிஃப்ளாமில் பாராசிட்டமாலோடு 400 மில்லிகிராம் ஐபுபுரூஃபனும் இருக்கிறது. டைக்ளோஃபினாக்கும், மெஃப்டாலில் உள்ள மெஃபனமிக் அமிலமும் அதே இனம். கர்ப்பத்தின் 20ஆம் வாரம் முதல் இவை சிசுவின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குடநீரைக் குறைக்கலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்துறை 2020 அக்டோபரில் எச்சரித்தது. (அந்த நீரில் பெரும்பங்கு சிசுவின் சிறுநீரே, பலருக்குத் தெரியாது.) 30 வாரத்துக்குமேல், பிறந்தபின் மூட வேண்டிய ஓர் இரத்தக்குழாய் இதயத்தருகே முன்னதாகவே சுருங்கும் ஆபத்தும் உண்டு. மருத்துவர் எழுதிக்கொடுத்த குறைந்த அளவு ஆஸ்பிரின் வேறு. அதைத் தாமாக நிறுத்தக் கூடாது.

பாலூட்டும் தாய்க்கோ, ஐபுபுரூஃபன் மிகச் சொற்பமாகவே பாலில் சேருகிறது. வயிற்றுப்புண்ணோ சிறுநீரகக் கோளாறோ இல்லாவிட்டால், மருத்துவர் சொன்ன அளவில் சாப்பிடலாம். பாராசிட்டமாலும் ஆகும். வலி தாளாதவர் நிமிர்ந்து உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுப்பது எப்படி?

மகளுக்கோ மருமகளுக்கோ கடையில் மாத்திரை கேட்கும்போது, “மாசமா இருக்கா, இத்தனை வாரம்” என்று முதலில் சொல்லுங்கள்.